வயர்லெஸ் மைக், காது மொனிட்டர்: தோட்டத்துக் கோயிலிலும் பாடசாலை மேடையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் திருவிழா, பரிசளிப்பு, ஆராதனைக் கூட்டம், கலியாணம் என்று எங்கே ஸ்பீக்கர் கட்டப் போனாலும் யாராவது ஒருவர் ஓரமாக வந்து நின்று, “அண்ணே, எங்க வயர்லெஸ் செட் சரியில்ல, வேற ஒண்ணு வாங்கணும்” என்று ஆரம்பிப்பார். போய்ப் பார்த்தால் செட் நன்றாகத்தான் இருக்கும். வைத்த இடம் பிழை, பெட்டரி பிழை, அல்லது பிடித்த கை பிழை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பூசை நடுவில் மைக் விட்டு விட்டுக் கேட்கிறது. செட் போய்விட்டதா?

முதலில் ரிசீவர், அதாவது மைக் அனுப்பும் அலையை வாங்கும் பெட்டி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் தோட்டத்துக் கோயில்களில் எம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), மிக்ஸர் (சத்தங்களைக் கலக்கும் பெட்டி), ரிசீவர் எல்லாம் பக்கத்து அறைக்குள் ஒரு மேசைக்குக் கீழே இருக்கும். மழைக்குப் பயந்து அப்படி வைப்பார்கள், அதில் பிழையில்லை. ஆனால் நடுவே ஒரு தகரச் சுவர், அதற்கு முன்னால் இருநூறு பேர், அதற்கும் அப்பால் மைக். மைக்கிலிருந்து புறப்படும் வானலைக்கு இரண்டு பெரிய எதிரிகள்: உலோகமும் தண்ணீரும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூட்டம் நெருங்கி நின்றால் அது வானலைக்கு ஒரு சுவர். ஒத்திகையில் நன்றாக வேலை செய்த மைக், சனம் நிறைந்த பிறகு மக்கர் பண்ணுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ரிசீவரை வெளியே எடுங்கள். நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலே அன்டெனா தெரிகிற மாதிரி உயர்த்தி வையுங்கள். மைக் பிடித்திருப்பவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ரிசீவரின் அன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி தகரக் கூரையால் வருவது. வானலை தகரத்தில் பட்டுத் தெறிக்கும். நேராக வந்த அலையும் தெறித்து வந்த அலையும் ரிசீவரில் சந்திக்கும்போது சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 சென்ரிமீற்றர். அதனால் ஐயர் ஓரடி நகர்ந்தால் சத்தம் போகும், இன்னும் ஓரடி நகர்ந்தால் திரும்பி வரும். பேய் விளையாட்டு மாதிரித் தெரியும். இதற்காகத்தான் நல்ல ரிசீவர்களில் இரண்டு அன்டெனா இருக்கிறது. ஒன்றில் அலை செத்துப் போனாலும் மற்றதில் உயிரோடு இருக்கும், ரிசீவர் நல்லதை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்த்தி வைக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும், ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் சாய்த்து ‘வி’ வடிவில் விரியுங்கள்.

ரிசீவரைச் சாமி பக்கம் கொண்டுபோனால் எம்ப் வரைக்கும் வயர் நீளுமே?

நீளட்டும். நீட்ட வேண்டியது சத்தம் போகிற வயரைத்தான், அன்டெனா வயரை அல்ல. மூன்று ஊசி உள்ள பெலன்ஸ்ட் மைக் வயர் 50 மீற்றர் போனாலும் சத்தத்துக்குக் கேடு வராது. அன்டெனா வயர் அப்படியில்லை. சாதாரண மெல்லிய ஆர்ஜி-58 வயரில் 10 மீற்றர் போனாலே வந்த சக்தியில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும்.

அவசரத்துக்கு ஒரு நாட்டு வைத்தியம்: வீட்டு டீவி அன்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி-6 வயர். அது 75 ஓம், நம் ரிசீவர்கள் 50 ஓம். புத்தகப்படி பொருந்தாது. ஆனால் பொருந்தாமையால் போகும் இழப்பு மிகக் குறைவு, வயரோ ஆர்ஜி-58ஐ விடத் தடித்தது, இழப்பும் குறைந்தது. ஜெக் மாற்றுவதற்கு ஒரு அடப்டர் மட்டும் வேண்டும். நான் பல திருவிழாக்களை இப்படி ஓட்டியிருக்கிறேன்.

மிஸ்ட் இறங்கினால் சிக்னல் போகுமா?

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் எல்லோரும் மிஸ்ட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். பாவம் மிஸ்ட். நம் மைக்குகள் வேலை செய்யும் யூஎச்எஃப் அலையை மூடுபனியோ மழையோ கணக்கில் எடுக்கும் அளவுக்குத் தடுக்காது. மழை தொந்தரவு தருவது சட்டலைட் டிஷ் போன்ற, இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைகளுக்கு.

ஆனால் ஈரம் வேறு வழியில் வரும். குளிர்ந்த மைக்கில் சூடான மூச்சுப் பட்டால் கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி உள்ளே ஈரம் படியும். சின்னக் கொலர் மைக்குகளில் அந்த ஒரு துளியே சத்தத்தை மங்கடித்துவிடும், அல்லது பொரி பொரிக்கிற மாதிரி சத்தம் வரும். நனைந்த ஜெக்கும் அப்படித்தான். குளிரில் அல்கலைன் பெட்டரியும் கொஞ்சம் சோர்ந்து போகும். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில், தை மாத இரவில், சமதரையில் ஓடுகிற நேரம் ஓடாது. மாற்றுப் பெட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஈர மரக்கிளைகளுக்கு நடுவே அன்டெனாவைக் கட்டுவதும் வேண்டாம். மிஸ்ட் தடுக்காததை நனைந்த இலை தடுக்கும்.

நம்ம ஸ்பீக்கரில் எதிர்மலைச் சத்தம் கேட்டது. அது எப்படி?

இது நடக்கும். ஒரு முறை ஒரு டிவிஷன் (தோட்டப் பிரிவு) கோயிலில் அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை மூடியிருந்தது. எல்லோரும் அமைதியாக இருக்க, ஸ்பீக்கரில் திடீரென்று “மாம்பழம் ஐந்நூறு ஒருதரம்!” என்று ஏலக்குரல். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்க மலையிலும் அதே நாள் திருவிழா, அங்கேயும் அதே கடையில் வாங்கிய அதே செட், அதே அலைவரிசை. நம் ஆள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரிசீவர் மட்டும் காதைத் திறந்தபடி இருந்தது.

மைக் வெளியிடும் சக்தி சாதாரணமாக 10 முதல் 50 மில்லிவாட்தான். பெட்டியில் நூறு மீற்றர் என்று எழுதியிருப்பார்கள். அது நம்பி வேலை செய்யக்கூடிய தூரத்தின் கணக்கு, அலை அங்கேயே நின்றுவிடாது. நம் ஊரில் மலைக்கும் மலைக்கும் நடுவே வெறும் காற்று. தடை இல்லாத இடத்தில் மெல்லிய அலையும் வெகுதூரம் போகும். நம் மைக் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் பலமான அலை மற்றதை அமுக்கிவிடும், அணைத்த உடனே எதிர்மலை உள்ளே வரும்.

ஆகவே கூட்டம் முடியும்வரை மைக்கை அணைக்காதீர்கள். பேசாத நேரத்தில் மிக்ஸரில் மூடுங்கள், அல்லது மைக்கில் மியூட் தனியாக இருந்தால் அதைப் போடுங்கள். அணைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மிக்ஸரில் அந்தச் செனலை மூடிவிட்டு அணையுங்கள். ரிசீவரில் ஸ்க்வெல்ச் என்ற திருகி இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், பலவீனமான அலைக்கு அது கதவைச் சாத்தும். அதிகம் ஏற்றினால் நம் மைக்கின் தூரமும் குறையும். சில செட்களில் மைக் ஒரு இரகசியத் தொனியையும் சேர்த்து அனுப்பும். அந்தத் தொனி இல்லாத அலைக்கு ரிசீவர் வாய் திறக்காது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மைக் நன்றாக ஓடுகிறது. மூன்றாவதைப் போட்டதும் எல்லாம் கெடுகிறது. ஏன்?

இதைத்தான் அதிகம் பேர் நம்ப மறுக்கிறார்கள். மூன்று மைக்குக்கும் வேறு வேறு அலைவரிசைதானே கொடுத்தோம் என்பார்கள். ஒருவர் 520.0, 520.5, 521.0 என்று அரை அரையாக அழகாக அடுக்கியிருந்தார். அந்த அழகுதான் வினை.

இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது அவை இரண்டும் கலந்து, யாரும் போடாத புதுப் புது அலைகளைப் பெற்றெடுக்கும். ஒன்றை இரட்டித்து அதிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 520.5ஐ இரட்டித்தால் 1041, அதில் 520 போனால் 521.0. அதாவது முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து மூன்றாவது மைக்கின் வீட்டு வாசலிலேயே ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டன. சம இடைவெளியில் அடுக்கினால் இந்த மோதல் தப்பவே தப்பாது.

கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரே கம்பனியின் ஒரே வகைச் செட்களில் குரூப், செனல் என்று இருக்கும். எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வைத்து வேறு வேறு செனல் கொடுங்கள். மோதாத இடைவெளிகளை அவர்கள் ஏற்கெனவே கணக்குப் பார்த்துத்தான் குரூப் பண்ணியிருக்கிறார்கள். இரண்டு கம்பனிச் செட்களைக் கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்லா மைக்கையும் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அணைத்து, அந்த ரிசீவரில் சிக்னல் விளக்கு இன்னும் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்த இடம் வேண்டாம். கலியாண மேடையில் ஏழெட்டு மைக்கை ஒரு மேசையில் குவித்து வைப்பதும் இதே கலப்பைக் கூட்டும், கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள்.

எந்த அலைவரிசை நல்லது? போன கிழமை ஓடிய செனல் இந்தக் கிழமை ஏன் ஓடவில்லை?

போன கிழமை எங்கே ஓட்டினீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் டீவி ஒளிபரப்பு ஓடும் அதே யூஎச்எஃப் பகுதியில், டீவி இல்லாத இடைவெளிகளில்தான் ஓடுகின்றன. ஒரு டீவி செனல் 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் ஊருக்கு ஊர் நிலைமை பெரிதாக மாறாது. நமக்கு அப்படியில்லை. 2524 மீற்றர் பீதுருதாலகாலையின் உச்சியில் டீவி கோபுரம் நிற்கிறது. மலை முகட்டில் இருக்கிற கோயிலுக்கு அது நேரே முகம் காட்டும். அதே தோட்டத்தின் பள்ளத்து டிவிஷனில் மலையே மறைத்துவிடும். பள்ளத்தில் காலியாக இருந்த இடம், இரண்டு கிலோமீற்றர் மேலே போனதும் நிறைந்திருக்கும். அதனால் போன இடத்தில் போனவுடன் ரிசீவரில், காலி அலைவரிசையைத் தேடும் ஸ்கேன் போடுங்கள். ஸ்கேன் போடும்போது உங்கள் சொந்த மைக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிசீவர் உங்களையே எதிரி என்று எண்ணி ஒதுங்கும். அலங்கார எல்ஈடி விளக்குகள், வீடியோ திரை எல்லாம் எரியவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. மலிவான எல்ஈடி பவர் பெட்டிகள் தாமே இரைச்சலைக் கக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்கள் கையடக்கமானவை, வகுப்பறைக்கும் சின்னக் கூட்டத்துக்கும் போதும். ஆனால் வைஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஐந்நூறு பெற்றோர் போனோடு உட்கார்ந்திருக்கிற பரிசளிப்பு விழாவுக்கு அதை நம்பிப் போக மாட்டேன்.

லண்டன் மாமா, அமெரிக்கா அண்ணன் அனுப்பிய பழைய செட்டைப் பாவிக்கலாமா?

பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி மைக்குகளை 2010 யூன் மாதத்தோடு தடைசெய்தார்கள். பிறகு 600 பகுதியின் பெரும்பங்கும் 2020 யூலையோடு போயிற்று. இரண்டையும் கைத்தொலைபேசிச் சேவைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பின் அங்கே செல்லாத செட்கள்தான் மலிவு விலையில் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அன்பளிப்பாக வருவது பல நேரம் அதுதான்.

இலங்கையில் வானலை வெளியிடும் எந்தக் கருவியையும் கொண்டுவரவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி சம்பந்தப்பட்டது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த நாட்டில் லைசன்ஸ் தேவையில்லை என்பது இங்கே பேச்சுக்கு எடுபடாது. கடையில் வாங்கும்போது அனுமதியோடு வந்ததா என்று கேளுங்கள்.

பெட்டரி எவ்வளவு நேரம் வரும்?

கையில் பிடிக்கும் மைக்கில் இரண்டு ஏஏ அல்கலைன் போட்டால் சாதாரணமாக ஆறு முதல் பத்து மணித்தியாலம். பாடகரின் காதுக்குச் சத்தம் தரும் காது மொனிட்டர் பெட்டி அதைவிடச் சீக்கிரம் குடித்துவிடும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பெட்டரி 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5. அதனால் பெட்டரி மீற்றர் முதலிலேயே குறைத்துக் காட்டும், கடைசி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விழும். செட்டின் மெனுவில் பெட்டரி வகையை மாற்ற வழியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

தேர் புறப்படும் முன், முக்கிய விருந்தினர் பேச எழும் முன், பாதி இருந்தாலும் புதிது போடுங்கள். பழையதை வீட்டுக் கடிகாரத்துக்குப் போடலாம்.

மைக் கூவுகிறது. மிக்ஸரில் என்ன குறைக்க வேண்டும்?

மிக்ஸருக்கு முன்னால் கையைப் பாருங்கள். பாட்டுக்காரப் பிள்ளைகள் டீவியில் பார்த்துவிட்டு மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். அந்த வலைக்குள் பின்பக்கமாகக் காற்றுப் புகும் வழி இருக்கிறது. முன்னால் வருவதைக் கேட்டுப் பின்னால் வருவதை ஒதுக்கும் குணத்தை அதுதான் கொடுக்கிறது. பொத்தினால் மைக் நாலு பக்கமும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் சத்தமும் உள்ளே வரும், கூவும். அடிப்பக்கத்தைப் பொத்தினாலும் வில்லங்கம்தான், அன்டெனா பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போகும். 5 சென்ரிமீற்றரில் பாடியவர் 20 சென்ரிமீற்றருக்குப் போனால் 12 டெசிபெல். அதை நிரப்ப நீங்கள் மிக்ஸரில் ஏற்றுவீர்கள், அது கூவும். நெஞ்சுக்கு நேரே மைக்கை வைத்துக்கொண்டு “சத்தம் போதாது” என்று கையைக் காட்டும் பேச்சாளருக்கு நான் பதிலுக்குக் கையைக் காட்டுவேன், மைக்கை வாய்க்குக் கொண்டுபோகச் சொல்லி. தலைவர்மாருக்கு இது பிடிப்பதில்லை.

நாதஸ்வரத்துக்கு வைத்தால் பிளந்துபோகிறது. மிக்ஸரில் குறைத்தும் போகவில்லை.

மிக்ஸருக்கு வருமுன்பே, மைக்குக்குள்ளேயே பிளந்துவிட்டது. உடைந்த சத்தத்தைக் குறைத்தால் சின்னதாக உடைந்த சத்தம்தான் வரும். மைக்கிலோ இடுப்புப் பெட்டியிலோ கெயின் (உள்ளே எடுக்கும் சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது) இருக்கும். நாதஸ்வரம், தவில், தப்புக்கு அதைக் கீழே இறக்குங்கள். ஆள் உச்சமாக வாசிக்கும்போது சிவப்பு விளக்கு எப்போதாவது ஒரு கண் சிமிட்டலாம், எரிந்துகொண்டே இருக்கக் கூடாது. மெல்லப் பேசும் ஆசிரியைக்கு அதே பெட்டியைக் கொடுத்தால் மறக்காமல் ஏற்றுங்கள்.

மேற்சட்டை இல்லாத குருக்களுக்கு மைக்கை எங்கே மாட்டுவது? காமன் கூத்துக்கு?

குருக்களுக்குக் கொலர் மைக் சரிவராது. கன்னத்தோரம் வரும் ஹெட்செட் மைக் நல்லது, வாய்க்கு நேரே இல்லாமல் உதட்டோரத்துக்குப் பக்கவாட்டில். பெட்டியை வேட்டி மடிப்புக்குள் சொருகினால் அன்டெனா வியர்வை உடம்போடு ஒட்டும், அது சிக்னலை விழுங்கும். ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு இடுப்புக்கு வெளியே, அன்டெனா தொங்கும்படி கட்டுங்கள். சுருட்டி வைக்கவே கூடாது. அபிஷேகத் தண்ணீர் தெறிக்கும், மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றுவது நல்லது. சேலை கட்டிய ஆசிரியைமாருக்குக் கொலர் மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், சங்கிலி உரசாத பக்கமாக.

ரதி, மதன் கதையை ஆடும் காமன் கூத்து வேறு உலகம். காமன் பொட்டலில் சனம் நாலு பக்கமும் வட்டமாக நிற்கும். ரதியும் மதனும் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். எந்தப் பக்கம் ரிசீவரை வைத்தாலும் பாதி நேரம் யாருடைய உடம்பாவது மறைக்கும். ஒரு மூங்கில் கம்பத்தில் அன்டெனாக்களைத் தலைக்கு மேலே ஏற்றிவிடுவதுதான் வழி. ஆடுகிறவர்களுக்கு மைக் கட்டாதீர்கள் என்பது என் கருத்து. பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்கும் கூடப் பாடுகிற ஒருவருக்கும் போதும். தப்புக்கு மைக்கே வேண்டாம், அது தன்னாலேயே அடுத்த டிவிஷன் வரை கேட்கும். குளிரில் தோல் தளர்ந்து தப்பைத் தீயில் காய்ச்சப் போகும்போது மைக் கட்டியவர் அந்தப் புகைப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது மொனிட்டர் என்றால் என்ன? நமக்குத் தேவைதானா?

பாடுகிறவருக்குத் தன் குரலும் வாத்தியமும் கேட்க வேண்டும். அதற்காக மேடையில் அவர் பக்கம் திருப்பி ஒரு ஸ்பீக்கர் வைப்போம். அந்த ஸ்பீக்கர் மைக்குக்குள்ளும் போகும், கூவும். அதற்குப் பதிலாகக் காதுக்குள்ளேயே சின்ன இயர்பீஸ் வைத்துவிட்டால் மேடை அமைதியாகிவிடும். வயர்லெஸ் வகையில் வேலை தலைகீழ்: அனுப்பும் பெட்டி மிக்ஸர் பக்கம், வாங்கும் பெட்டி பாடகர் இடுப்பில்.

தேவையா என்றால், எல்லோருக்கும் இல்லை. பஜனைக் குழுவுக்கு நல்ல இடத்தில் வைத்த ஒரு மொனிட்டர் ஸ்பீக்கர் போதும். டிரம்ஸோடு பாடும் தேவாலய இசைக்குழுவுக்கும் கலியாண இசைக்குழுவுக்கும் மிகவும் உதவும். அங்கேயும் இடம் விட்டு அசையாத கீபோர்ட்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் வயர்லெஸ் எதற்கு? ஒரு சின்ன ஹெட்போன் எம்ப், நீளமான வயர், நல்ல இயர்பீஸ். செலவில் பெரிய பங்கு மிச்சம், அலைவரிசைச் சண்டையும் இல்லை.

காதுக்குள் என்னென்ன கொடுக்க வேண்டும்?

எல்லாவற்றையும் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். முதலில் அவருடைய குரல். அடுத்து சுருதி பிடிக்க ஒன்று: கீபோர்ட் அல்லது ஹார்மோனியம். அடுத்து தாளத்துக்கு ஒன்று. அதற்கு மேல் அவர் கேட்டால் மட்டும். மிக்ஸரில் ஒக்ஸ் செண்டை (மொனிட்டருக்குத் தனியாகச் சத்தம் அனுப்பும் வழி) ஃபேடருக்கு (வெளிச்சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகோல்) முந்தியதாக வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சனத்துக்காக ஒன்றைக் குறைக்கும்போது பாடகரின் காதிலும் அது குறையும், அவர் மேடையிலிருந்து உங்களை முறைப்பார்.

காதை அடைத்துக்கொண்டால் சனத்தின் சத்தம் கேட்காது. “எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்” என்றுவிட்டு, பாடுகிறார்களா என்று தெரியாமல் நிற்பது கொடுமை. மேடை விளிம்பில் சனத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதைக் காதுகளுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள், வெளி ஸ்பீக்கருக்கு அல்ல.

ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடினால் வசதியாக இருக்கிறதே?

நிறையப் பேர் செய்கிறார்கள். திறந்த காதில் மேடைச் சத்தம் முழுதாக விழும். அதோடு போட்டி போட, மற்றக் காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கழற்றுவதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: சனத்தின் சத்தம் கேட்கவில்லை, அல்லது இயர்பீஸ் காதுக்கு அளவில்லை. முதலாவதற்கு மேலே சொன்ன மைக். இரண்டாவதற்குப் பெட்டியோடு வந்த மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்கள், ஸ்பொஞ்ச் வகை இன்னும் இறுக்கமாக இருக்கும். சரியாக அடைத்தால் வெளிச்சத்தம் 20 டெசிபெலுக்கு மேல் குறையும், அடிக்குரலும் திரும்பி வரும். “இயர்பீஸில் பேஸ் இல்லை” என்பவர்களில் பலருக்குக் காது சரியாக அடைபடவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் அளவு இது: 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 94க்கு 1 மணித்தியாலம், 100க்கு 15 நிமிடம். விடிய விடிய நடக்கும் இசை நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள்.

காதுக்குள் அளவுமானி வைக்க முடியாது. ஆகவே பெட்டியில் லிமிட்டர் (சத்தம் அளவு மீறாமல் தடுப்பது) இருந்தால் எப்போதும் போட்டு வையுங்கள். யாராவது மேடையில் ஜெக்கைப் பிடுங்கினால் வரும் அந்த ‘டமார்’ நேரே செவிப்பறைக்குத்தான். முதலில் சத்தத்தை முழுதாக இறக்கி, இயர்பீஸை மாட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஒரு கோடு குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் குறைந்ததே தெரியாது. நிகழ்ச்சி முடிந்த பிறகு காதில் ‘ங்ஙொய்’ என்று இரைந்தால் அன்று அளவு மீறிவிட்டீர்கள்.

இயர்பீஸை ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். காதுக் குறும்பி அடைத்தால் ஒரு பக்கம் மங்கும், சத்தத்தை ஏற்றத் தோன்றும். சின்னப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சரி.

போனுக்கு வாங்கிய புளூடூத் இயர்போனை மொனிட்டராகப் பாவிக்கலாமா?

முடியாது. புளூடூத்தில் சத்தம் சாதாரணமாக 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வரும். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் 34 மீற்றர் ஓடிவிடும். தாளம் போடுகிறவர் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற மாதிரி. டிஜிட்டல் வயர்லெஸ் மைக்கும் பிந்தும்தான், ஆனால் 3 மில்லிசெக்கன் அளவில், ஒரு மீற்றர் தள்ளி நிற்கிற கணக்கு. டிஜிட்டல் மைக், டிஜிட்டல் மிக்ஸர், டிஜிட்டல் மொனிட்டர் என்று மூன்றும் சேரும்போது கூட்டுத்தொகை பெருகும். கூர்மையான காதுள்ள பாடகருக்குத் தன் குரல் குழாய்க்குள் இருந்து வருவது மாதிரித் தோன்றும். அனலொக் மொனிட்டர் செட்டில் இந்தப் பிந்தல் இல்லை என்பதால் நான் இன்னும் அதையே வைத்திருக்கிறேன்.

காது மொனிட்டர் வந்த பிறகு மைக்குகள் தடுமாறுகின்றன.

மொனிட்டர் அனுப்பும் பெட்டியை மைக் ரிசீவருக்கு மேலேயே அடுக்கியிருப்பீர்கள். அது ரிசீவரின் காதுக்குள் கத்துகிறது. இரண்டு அன்டெனாக்களுக்கும் இடையே சில மீற்றராவது விடுங்கள். அலைவரிசையிலும் மைக்குகளை ஒரு பக்கமும் மொனிட்டர்களை வெகுதூரத்தில் இன்னொரு பக்கமும் வையுங்கள். மொனிட்டர் அன்டெனா பாடகரை நேரே பார்க்க வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு.

இடி மின்னல் நேரத்தில்?

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரமானால் மலையில் இடி கட்டும். கம்பத்தில் ஏற்றிய அன்டெனா அப்போது வேண்டாத விருந்தாளி. தூரத்தில் உறுமும்போதே கம்பத்தை இறக்குங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், ஆட்களும் கம்பத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். நிகழ்ச்சி நிற்கும், நிற்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எப்படி வைப்பது?

அன்றிரவே பெட்டியில் பூட்டாதீர்கள். பெட்டரிகளைக் கழற்றி, மைக்கின் வலையைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சைக் கழுவி நிழலில் காயவிடுங்கள். எத்தனை வாய் பட்டதோ! அடுப்படி மேலே, லயக் காமராவின் (தோட்ட லயத்து வீட்டறை) புகை படும் இடத்தில் வைத்துக் காய வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற அந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் நாலைந்தோடு போட்டு வையுங்கள். பொட்டலங்களையும் இடைக்கிடை மாற்றுங்கள், நம் ஊர் மழைக்கு அவை சீக்கிரம் நிரம்பிவிடும்.